ஏற்றத்தில் இழுக்காத மோட்டார் சைக்கிள்: ஸ்பொக்கட் மாற்றுவதற்கு முன்

மண்சரிவுக்குப் பின் வீடு ஓரிடம், பயிர்நிலம் வேறிடம் என்று ஆகிவிட்ட குடும்பங்கள் ஊவாவில் பல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் அதே துயரம் மீண்டும் நேர்ந்தது. இப்படி இடம்பெயர்ந்தவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரம் அல்ல. மரக்கறி மூட்டையும் உரமும் பாடசாலைப் பிள்ளையும் அதில்தான் போக வேண்டும். லீசிங் கட்டி முடியாத அந்த வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டால் அன்றைய சந்தையும் தவறிவிடும்.

"வண்டி இழுக்குதில்லை. ஸ்பொக்கட் மாற்றினால் சரிவருமா?" என்று பலர் எம்மிடம் கேட்கிறார்கள். சிலருக்குச் சரிவரும். சிலருக்கு அது வீண் செலவு. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை நீங்களே கணக்குப் பார்த்து அறியலாம்.

ஸ்பொக்கட் செய்யும் வேலை

எஞ்சின் பக்கத்தில் ஒரு சிறிய பற்சில்லும் பின் சில்லில் ஒரு பெரிய பற்சில்லும் உள்ளன. இவற்றையே கராஜில் ஸ்பொக்கட் என்கிறார்கள். இரண்டையும் செயின் இணைக்கிறது. உதாரணமாக, முன்னால் 14 பற்களும் பின்னால் 42 பற்களும் இருந்தால், 42ஐ 14ஆல் பிரிக்க 3 வரும். முன் ஸ்பொக்கட் மூன்று முறை சுற்றினால்தான் பின் சில்லு ஒரு முறை சுற்றும். உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கலாம். பற்களை எண்ணிப் பாருங்கள்.

இந்த எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். 1924இல் பதுளைக்கு வந்த ரயில் பாதை தெமோதரையில் என்ன செய்கிறது? நேராக ஏற முடியாததால் ஒரு வட்டமடித்து, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தால் போகிறது. தூரம் கூடியது, ஏற்றம் இலகுவானது. ஸ்பொக்கட்டிலும் இதே பேரம்தான்.

ஒரு பல் எவ்வளவு தரும்?

முன் ஸ்பொக்கட்டை 14இலிருந்து 13 ஆக்கினால் எண் 3.23 ஆகும். இழுவை நூற்றுக்கு 8 பங்கு அளவில் கூடும். எஞ்சின் அதே வேகத்தில் சுழன்றால், 60 கிலோமீற்றரில் ஓடிய வண்டி இனி 56 அளவில்தான் ஓடும். பின் ஸ்பொக்கட்டை 45 ஆக்கினாலும் கிட்டத்தட்ட இதே பலன்தான் (3.21). முன்னால் ஒரு பல் குறைப்பதும் பின்னால் மூன்று பல் கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்றே.

இதைச் சுமைக் கணக்கில் பார்ப்போம். வண்டி 110 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ, மூட்டை 50 கிலோ என்றால் மொத்தம் 220 கிலோ. அதில் நூற்றுக்கு 8 பங்கு என்பது சுமார் 17 கிலோ. ஆகவே ஒரு பல் மாற்றுவது மூட்டையில் 17 கிலோவை இறக்கி வைப்பதற்குச் சமம். அதற்கு மேல் எதுவும் இல்லை.

யார் மாற்றலாம்?

முதலாம் கியரில் வண்டி தானாக ஏறுகிறதென்றால் மாற்ற வேண்டாம், பொறுமையாக ஏறுங்கள். முதலாம் கியரிலும் கிளட்சைப் பாதி பிடித்தே ஏற வேண்டியிருந்தால், மேல் கியருக்குப் போகவே வாய்ப்பில்லாத மலைவீதியில்தான் தினமும் ஓட்டுகிறீர்கள் என்றால், ஒரு பல் குறைப்பது நல்லது. மஹியங்கனைப் பக்கத்துச் சமவெளியில் நெடுந்தூரம் ஓடுபவருக்கு இது ஏற்றதல்ல. எஞ்சின் வீணாக அதிகம் சுழலும், பெற்றோலும் கூடுதலாகப் போகும்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் காற்று மெலிந்து, எஞ்சினின் வலு நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் குறையும். சுமார் 1,200 மீற்றர் உயரத்திலுள்ள பண்டாரவளையில் வண்டி சற்று மந்தமாக இருப்பது பழுது அல்ல.

பணம் செலவழிக்க முன்

முதலில் எயார் பில்டரைத் துப்புரவாக்குங்கள். டயர் காற்றைப் பாருங்கள். பிரேக் சில்லை உரசிக்கொண்டு நிற்கிறதா என்று பின் சில்லைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஸ்பொக்கட் அதற்கு மருந்தல்ல.

மாற்றுவதென்றால் செயினில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் ஸ்பொக்கட்டையே வாங்குங்கள். பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் முன், பின், செயின் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய செயின் புதிய பற்களை விரைவில் தின்றுவிடும். பின் ஸ்பொக்கட் பெரிதானால் செயின் நீளம் போதாமற் போகலாம். சிறிய முன் ஸ்பொக்கட்டில் செயின் கூடுதலாக வளைவதால் சற்று விரைவாகத் தேயும்; அடிக்கடி எண்ணெய் பூசுங்கள். செயினின் தளர்வு பெரும்பாலான சிறிய வண்டிகளுக்கு 2 முதல் 3 சென்ரிமீற்றர்.

ஏறிய மலையை இறங்கவும் வேண்டும்

இதுவே நாம் சொல்ல விரும்பும் முக்கிய விடயம். இழுவை கூடியதும் "இன்னொரு மூட்டை ஏற்றலாம்" என்று மனம் சொல்லும். பிரேக் கூடவில்லை, டயர் கூடவில்லை. மடுல்சீமையிலிருந்து பசறைக்குச் சுமையுடன் இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். நியூட்ரலில் இறங்கவே கூடாது. இரண்டாம் கியரில், வளைவு கடுமையானால் முதலாம் கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கட்டும். ஒரு பல் குறைத்த வண்டியில் இந்தப் பிடிப்பும் சற்றுக் கூடும்.

ஆகவே அந்தப் பதினேழு கிலோவை இன்னொரு மூட்டைக்குக் கொடுக்காதீர்கள். எஞ்சினின் ஆயுளுக்கும், மாலையில் நீங்கள் பத்திரமாக வீடு திரும்புவதற்கும் அதை விட்டுவையுங்கள்.