ஒரே ட்ரே... 6 பேருக்கு டின்னர்! பீஃப் சீஸ் பேக்டு பன் ஈஸியா செய்வது எப்படி? கொத்துக்கறியில் கவனிக்க வேண்டியது என்ன?

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி பக்கம் இருக்கும் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில், மிச்செலின் டயர் தொழிற்சாலை உட்பட பல ஆலைகள் இயங்குகின்றன. இந்த வட்டாரத்தில் ரூம் எடுத்து 4 பேர், 6 பேர் எனச் சேர்ந்து தங்குபவர்கள் அதிகம். ஒருத்தருக்கு காலை ஷிஃப்ட் என்றால் இன்னொருத்தருக்கு நைட் ஷிஃப்ட். எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவது பெரும்பாலும் வார விடுமுறை அன்றுதான்.

அந்த ஒரு நாளிலும் ஒருத்தர் மட்டும் அடுப்படியிலேயே நின்று, ஒவ்வொரு சாண்ட்விச்சா சுட்டுக் கொடுத்தால் எப்படி? கடைசி ஆளுக்கு வர்றதுக்குள்ள முதல் ஆள் சாப்பிட்டு தூங்கியே போயிருப்பார். இதுக்கு சுலபமான வழி, ஒட்டியபடியே இருக்கும் பன்களுக்கு நடுவில் கொத்துக்கறியும் சீஸும் வைத்து, மொத்தமா ஒரே ட்ரேயில் பேக் செய்வது. சூடா நடுவில் வைத்தால் ஆளுக்கு ரெண்டு பிய்த்து எடுத்துக்கலாம்.

செய்வது ரொம்ப ஈஸி. ஆனா கொத்துக்கறி விஷயத்தில் ஒரு தவறு நடந்தால், ரூம்ல இருக்குற எல்லாரும் ஒரே நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும். அதனால் செய்முறையோடு சேர்த்து அதையும் பார்ப்போம்.

இந்த டிஷ் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் சின்ன சைஸ் பர்கரை 'ஸ்லைடர்' என்று சொல்வார்கள். 1921-ல் கேன்சஸ் மாகாணம் விச்சிடா நகரில் தொடங்கிய 'ஒயிட் கேசில்' கடையின் குட்டி சதுர பர்கர்கள்தான் இதைப் பிரபலமாக்கின. வீடுகளில் அதையே ட்ரேயில் அடுக்கி பேக் செய்யும் வழக்கம் பிறகு பரவியது.

நம்ம பக்கத்துக்கும் இது ரொம்ப அந்நியமான ருசி இல்லை. கேரளா பேக்கரிகளின் பீஃப் பஃப்ஸும், இலங்கையில் மீன் வைத்துச் சுடும் மாலு பாணும் கிட்டத்தட்ட இதே யோசனைதான். மசாலா சேர்த்து வேகவைத்த அசைவத்தை மாவுக்குள் வைத்துச் சுடுவது. இங்கே மாவு பிசையும் வேலைகூட இல்லை, பன் கடையிலேயே கிடைக்குது.

6 பேருக்கு என்னென்ன தேவை?

- ஒட்டியபடி இருக்கும் பாவ் பன் - 12
- மாட்டுக் கொத்துக்கறி - அரை கிலோ
- பெரிய வெங்காயம் - 2, தக்காளி - 1, பச்சை மிளகாய் - 2
- இஞ்சி பூண்டு விழுது - 1 டேபிள்ஸ்பூன்
- மிளகுத்தூள் - 1 டீஸ்பூன், கரம் மசாலா - அரை டீஸ்பூன், மஞ்சள்தூள் - கால் டீஸ்பூன்
- சீஸ் - 150 முதல் 200 கிராம்
- வெண்ணெய் - 30 கிராம், பூண்டு - 4 பல், கொத்தமல்லி - கொஞ்சம்
- எண்ணெய் - 1 டேபிள்ஸ்பூன், உப்பு - அளவாக

அரை கிலோ கறி வெந்ததும் தண்ணீர் வற்றி கிட்டத்தட்ட கால் பங்கு குறைஞ்சிடும். மீதியை 12 பன்னுக்குப் பிரித்தால் ஒரு பன்னுக்கு 30 கிராம் அளவுக்கு வரும். சீஸும் சேர்வதால் இது போதும். சீஸில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், கறியில் வழக்கத்தைவிட உப்பைக் குறைச்சுப் போடுங்க.

ஸ்டெப் 1: கறியை அடுப்பிலேயே முழுசா வேகவிடணும்

கடாயில் எண்ணெய் விட்டு வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு விழுதை வதக்குங்க. பச்சை வாசனை போனதும் கொத்துக்கறியைச் சேர்த்து, கரண்டியால் கட்டி இல்லாமல் உடைச்சு விடுங்க. கறி தண்ணீர் விட ஆரம்பிக்கும். இப்போ தக்காளி, மஞ்சள்தூள், உப்பு போட்டு, கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி போட்டு, நல்லா கொதிக்க 10 நிமிடம் வேகவிடுங்க. இன்னும் கடினமா இருந்தால் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மேலும் 5 நிமிடம்.

பிறகு மூடியைத் திறந்து, மிளகுத்தூளும் கரம் மசாலாவும் போட்டு தண்ணீர் சுத்தமா வற்றும்வரை கிளறணும். இதில் அவசரப்பட்டால் பன் ஊறி சொதசொதன்னு ஆகிடும். கரண்டியால் கறியை ஒதுக்கும்போது கடாயின் அடியில் தண்ணீர் ஓடி வரக் கூடாது. அதுதான் சரியான பதம்.

ஸ்டெப் 2: அடுக்குவது

பன்களைத் தனித்தனியா பிய்க்காமல், மொத்தமா குறுக்கே நறுக்கி மேல் பாதி, கீழ் பாதி எனப் பிரிங்க. கீழ் பாதியை வெண்ணெய் தடவிய ட்ரேயில் வைத்து, முதலில் ஒரு அடுக்கு சீஸ், அதன் மேல் கறி, மறுபடியும் சீஸ். அடியில் இருக்கும் சீஸ், கறியின் ஈரம் பன்னில் இறங்காமல் தடுக்கும். மேல் பாதியை மூடி, உருக்கிய வெண்ணெயில் நசுக்கிய பூண்டும் கொத்தமல்லியும் கலந்து மேலே தடவிவிடுங்க.

எந்த சீஸ் வாங்குவது? கடையில் ஸ்லைஸாகவும் கட்டியாகவும் கிடைக்கும் பிராசஸ்டு சீஸில், கொழுப்பும் நீரும் பிரியாமல் இருக்க சில உப்புகள் சேர்க்கப்படுகின்றன. அதனால் எண்ணெய் கக்காமல் வழுவழுன்னு உருகும். பீட்சாவில் நூல் மாதிரி இழுபடுவது மொசரெல்லா. பாதிக்குப் பாதி கலந்து போட்டால் ருசியும் வரும், இழுவையும் வரும்.

ஸ்டெப் 3: பேக் செய்வது

ஓ.டி.ஜி அவனை 180 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சூடு செய்து, ட்ரேயை அலுமினிய ஃபாயிலால் மூடி 12 நிமிடம் வையுங்க. பிறகு ஃபாயிலை எடுத்துவிட்டு 5 நிமிடம். மேல் பக்கம் பொன்னிறமா மாறியதும் எடுத்திடலாம்.

1,500 வாட் அவன் என்றால், மொத்தமா அரை மணி நேரத்துக்கு அதிகபட்சம் முக்கால் யூனிட் மின்சாரம்தான் ஆகும். ஆனா ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அவனையும் இண்டக்ஷன் அடுப்பையும் சேர்த்து மாட்டவே கூடாது. ஒயர் சூடாகி தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கு. சுவரில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியா போடுங்க.

அவன் இல்லையா? கவலை வேண்டாம்

அடி கனமான கடாய்க்குள் ஒரு ஸ்டாண்டை வைத்து, மூடி போட்டு மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் சூடு செய்யுங்க. 4 பன் அடுக்கிய தட்டை ஸ்டாண்ட் மேல் வைத்து, மூடி போட்டு குறைந்த தீயில் 10 முதல் 12 நிமிடம். நான்ஸ்டிக் கடாயை மட்டும் இப்படி வெறுமனே சூடாக்காதீங்க, பூச்சு கெட்டுவிடும். கடாயும் இல்லை என்றால் தோசைக்கல் போதும். வெண்ணெய் தடவி பன்னை வைத்து, மூடி போட்டு சிறு தீயில் 5 நிமிடம் விட்டால் சீஸ் உருகிடும்.

கொத்துக்கறியில் மட்டும் ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

முழுத் துண்டு கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும். வெளிப்பக்கம் நல்லா சூடானதும் செத்துவிடும். ஆனா கறியை மெஷினில் அரைக்கும்போது மேல்பரப்பில் இருந்தது எல்லாம் உள்ளே கலந்துவிடுகிறது. அதனால் கொத்துக்கறி உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி வேகணும். அமெரிக்க வேளாண் துறை இதற்குச் சொல்லும் அளவு, உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸ்.

1993-ல் அமெரிக்காவில் 'ஜாக் இன் தி பாக்ஸ்' பர்கர் கடைகளில் சரியாக வேகாத மாட்டிறைச்சி பர்கர் சாப்பிட்ட விவகாரத்தில் 700-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 4 குழந்தைகள் உயிரிழந்தார்கள். காரணம், மாட்டின் குடலில் வாழும் 'ஈ.கோலை ஓ157' என்ற பாக்டீரியா. இது சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது. நம்ம ஊரிலும் 2023 செப்டம்பரில், நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது சிறுமி உயிரிழந்தது பலருக்கு நினைவிருக்கும்.

பலர் செய்யும் தவறு, 'அவன்ல வைக்கிறோமே, அங்கேயே வெந்துடும்' என்று கறியை அரைவேக்காடாக அடுக்கிவிடுவது. 15 நிமிடத்தில் பன் சிவந்துவிடும், நடுவில் இருக்கும் கறி வெந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நிறத்தைப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. வேகும் முன்பே பழுப்பு நிறத்துக்கு மாறிவிடும், மசாலா போட்டால் சுத்தமா தெரியாது. அதனால்தான் கடாயில் தண்ணீரோடு கொதிக்கவிடச் சொல்வது. சுருக்கமா சொன்னா, கறி அடுப்பில் வேகணும், அவனில் சீஸ் உருகினா போதும்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

ஏற்கெனவே அரைச்சு வைத்ததைத் தவிர்த்து, துண்டு கறியாகத் தேர்ந்தெடுத்து கண் முன்னாடியே அரைத்துத் தரச் சொல்லுங்க. அரைத்த கறியை அன்றைக்கே சமைச்சிடணும். பச்சைக் கறி வெட்டிய கத்தி, பலகையிலேயே பன்னையும் வெங்காயத்தையும் நறுக்கக் கூடாது. சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் அடுத்த வேலை.

தமிழ்நாட்டில் மாட்டிறைச்சி விற்கவோ சாப்பிடவோ தடை இல்லை. 1958-ம் ஆண்டு தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைக் கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாது எனச் சான்று பெற்ற மாடுகளை வெட்டலாம். பசுக்களை வெட்ட 1976 அரசாணை மூலம் தடை உள்ளது.

நைட் ஷிஃப்ட் நண்பருக்கு எடுத்து வைக்கலாமா?

இங்கேதான் பெரும்பாலான ரூம்களில் சறுக்குது. ராத்திரி 8 மணிக்குச் செய்த பன்னை மூடி வைத்து, காலையில் ஷிஃப்ட் முடிச்சு வர்றவருக்குக் கொடுப்பது ஆபத்து. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். திருவள்ளூர் கோடையில் இந்த 1 மணி நேரக் கணக்குதான் பொருந்தும்.

'திரும்ப சூடு பண்ணா சரியாகிடும்' என்பதும் தவறு. சில பாக்டீரியாக்கள் உணவில் விட்டுச்செல்லும் நச்சு, சூடு செய்தாலும் அழியாது.

ஃப்ரிட்ஜ் இருந்தால், பன்னில் வைப்பதற்கு முன்பே அவருக்கான கறியைத் தனி டப்பாவில் எடுத்து உள்ளே வைத்துவிடுங்க. 3 நாள் வரை தாங்கும். அவர் வந்ததும் கறியை ஆவி பறக்கச் சூடு செய்து, பன்னில் வைத்து தோசைக்கல்லில் 5 நிமிடம். புதுசா செய்த மாதிரியே இருக்கும். ஃப்ரிட்ஜ் இல்லையா? அன்றைக்கு யார் இருக்காங்களோ அவங்களுக்கு மட்டும் அளவா செய்யுங்க.

சாப்பிட்ட சில நாட்களில் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, கடுமையான வயிற்றுவலி, சிறுநீர் குறைவது போன்றவை வந்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காமல் உடனே டாக்டரைப் பார்க்கணும். ஓ157 தொற்றில், தானாக எடுக்கும் ஆன்டிபயாட்டிக் நிலைமையை மோசமாக்கக் கூடும்.

பகிர்வதற்கு முன் ஒரு வார்த்தை

பல மாநிலத்தவர் சேர்ந்து தங்கும் ரூம்களில் எல்லாரும் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள். பன்னுக்குள் மூடி வைத்த கறி என்னவென்று வெளியில் பார்த்தால் தெரியாது. அதனால் என்ன கறி என்பதை ட்ரேயை நடுவில் வைக்கும் முன்பே சொல்லிடணும். சாப்பிடாதவருக்கு அதே மசாலாவில் உருளைக்கிழங்கோ பனீரோ வைத்து, தனித் தட்டில், தனிக் கரண்டியில், முதலிலேயே பேக் செய்து எடுத்துவிடலாம். கூடுதலா 15 நிமிட வேலைதான். அப்போதான் ரூம்ல இருக்கும் எல்லாருமே அந்த டின்னரில் உட்கார முடியும்.