இழைப்புளிக்குத் தப்பிய தேக்கு!

ஃபர்ஸ்ட் இயர் கார்பென்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா பாஸ்? ஜாயின்ட்ல விழுந்த கேப்பை மரத்தூள் வெச்சு அடைச்சு மார்க் வாங்கினோமே! அந்தப் பாவத்துக்குப் பரிகாரமா, பழங்கால எகிப்து மரவேலை பத்திப் படிக்க உட்கார்ந்தேன்.

எகிப்துல நீளமான பலகை தர்ற மரங்கள் கம்மி. 1954-ல் கிஸா பிரமிடு பக்கத்துல கிடைச்ச குஃபு மன்னரோட படகே லெபனான் தேவதாரு. 1,224 துண்டுகள், சேர்த்தா 43 மீட்டர். பலகைகளைக் கயிறு போட்டுத் தெச்சிருக்காங்க!

மரம் அவ்ளோ அருமை. அதனால எதையும் தூக்கிப் போட மாட்டாங்க. இங்கேதான் நம்ம என்ட்ரி! செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் 1994-ல் அகழாய்வு தொடங்கினாங்க. ரோமானியர் காலக் கட்டடங்கள்ல தேக்கு! மெல்லிசா சீவி, மைக்ரோஸ்கோப்ல பார்த்து உறுதி பண்ணின தேக்கு. அது எகிப்துல வளராத மரமாச்சே? சில கட்டைகள்ல ஆப்பு அடிச்ச துளைகள் வேற. சுவருக்கு எதுக்குத் துளை? இந்தியாவோட வியாபாரம் பண்ணின கப்பல்களைப் பிரிச்சுக் கட்டடத்துக்குப் போட்டிருக்காங்கன்னு ஆய்வாளர்கள் சொல்ல, அந்தத் துளைகளும் ஒரு சாட்சி.

இதைப் படிச்ச சூட்டோட ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு மரப்பட்டறைக்குப் போனேன். இடிச்ச வீட்டுத் தேக்கு நிலை ஒண்ணு கிடந்தது. உடம்பெல்லாம் துளை, தாழ்ப்பாள் தடம், மஞ்சள் கறை.

"ஒரு இழைப்பு இழைச்சா எல்லாம் போயிடும் தம்பி. புதுசாட்டம் ஆயிடும்" என்றார் ஆசாரி அண்ணன்.

எனக்குப் பக்குன்னு ஆச்சு. பெரெனிகேயிலும் இப்படி இழைச்சுத் தள்ளியிருந்தா?

"ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாண்ணே?"

சிரிச்சுக்கிட்டே மெஷினை ஆஃப் பண்ணினார்.