17 சீசன்... 12 அணிகள்... ஐஸ் ஹாக்கியில் 'ஜர்னிமேன்' என்றால் யார்? மைக் சில்லிஞ்சரின் கதை சொல்வது என்ன?

1989 ஜூன் மாதம். வட அமெரிக்காவின் மிகப்பெரிய ஐஸ் ஹாக்கி தொடரான என்ஹெச்எல்லுக்கு இளம் வீரர்களைப் பிரித்துக்கொள்ளும் டிராஃப்ட் நடக்கிறது. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி தன் முதல் வாய்ப்பிலேயே, ஒட்டுமொத்தமாக 11-வது ஆளாக, கனடாவின் ரெஜைனா நகரைச் சேர்ந்த மைக் சில்லிஞ்சரைத் தேர்வு செய்தது. அதே டிராஃப்டில், மூன்றாவது சுற்றில், 53-வது ஆளாக அந்த அணி எடுத்தது நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் இளைஞரை.

லிட்ஸ்ட்ரோம் 20 சீசன் ஆடினார். 1,564 ஆட்டங்கள், நான்கு ஸ்டான்லி கோப்பைகள். அத்தனையும் ஒரே டெட்ராய்ட் ஜெர்சியில்.

அவருக்கு முன்பே எடுக்கப்பட்ட சில்லிஞ்சர்? 17 சீசன், 1,049 ஆட்டங்கள், 240 கோல்கள். ஆனால் ஆடியது 12 அணிகளுக்கு! என்ஹெச்எல் வரலாற்றில் இத்தனை அணிகளுக்கு வேறு யாரும் ஆடியதில்லை. ஸ்டான்லி கோப்பையை அவர் ஒருமுறைகூட வெல்லவில்லை.

இப்படி ஊர் ஊராகப் போய் ஆடும் வீரர்களைத்தான் அங்கே 'ஜர்னிமேன்' என்கிறார்கள். எந்த அணியும் வேண்டாம் என்று தள்ளிய ஆளா இவர்? இல்லை, எல்லா அணிக்கும் தேவைப்பட்ட ஆளா?

'ஜர்னிமேன்' - இந்தப் பேர் எப்படி வந்தது?

ஜர்னி என்றால் பயணம், அதனால் பயணம் செய்பவர் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் விஷயம் அது இல்லை. பிரெஞ்சு மொழியில் 'நாள்' என்ற சொல்லிலிருந்து வந்தது இது. அந்தக் கால ஐரோப்பாவில் தொழில் கற்று முடித்து, ஆனால் சொந்தப் பட்டறை வைக்கும் நிலைக்கு வராமல், நாள் கூலிக்கு வேலை செய்தவர்தான் ஜர்னிமேன். கற்றுக்குட்டி இல்லை, முதலாளியும் இல்லை. வேலை தெரிந்த ஆள்.

விளையாட்டிலும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான். நட்சத்திரம் இல்லை, ஆனால் களத்தில் இறக்கினால் கொடுத்த வேலையைச் செய்து முடிப்பார். கிரிக்கெட் ரசிகர்களுக்கு, ஐபிஎல்லில் 9 அணிகளுக்கு ஆடிய ஆரோன் ஃபின்ச் உடனே நினைவுக்கு வரலாம்.

முதல் சுற்றில் எடுத்தும் ஏன் வாய்ப்பு கிடைக்கல?

சில்லிஞ்சர் ஆடியது 'சென்டர்' என்ற இடத்தில். முன்கள வரிசையின் நடுவே நின்று ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு அது. ஆனால் டெட்ராய்டில் அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தவர் கேப்டன் ஸ்டீவ் ஐசர்மேன். போதாக்குறைக்கு, சில்லிஞ்சரை எடுத்த அதே 1989 டிராஃப்டில், 74-வது ஆளாக டெட்ராய்ட் எடுத்த ரஷ்ய வீரர் செர்கெய் ஃபெடரோவும் சென்டர்தான். இருவருமே பின்னாளில் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தவர்கள்.

ஒரு ஆட்டத்துக்கு 18 கள வீரர்கள், 2 கோல்கீப்பர்கள் மட்டுமே களமிறங்க முடியும். முன்கள வரிசைகள் நான்கு. அப்படியென்றால் சென்டர்களுக்கு இருப்பது நான்கே இடம். திறமை இருந்தும் சில்லிஞ்சர், டெட்ராய்டின் துணை அணி இருந்த ஏஹெச்எல் எனும் இரண்டாம் நிலை லீக்கில் காலம் கழிக்க வேண்டியதாயிற்று. அங்கே அடிரோண்டாக் அணிக்காக 1992-ல் கால்டர் கோப்பையை வென்றார். மேலே கிடைத்த வாய்ப்புகளோ குறைவு.

ஆறு வருஷம்... ஆறு டிரேட்!

1995 ஏப்ரலில் டெட்ராய்ட் அவரை அனாஹைம் அணிக்கு அனுப்பியது. அங்கிருந்துதான் ஓட்டம் தொடங்கியது.

* 1996 மார்ச் - அனாஹைமிலிருந்து வான்கூவர்

* 1998 பிப்ரவரி - வான்கூவரிலிருந்து பிலடெல்பியா

* 1998 டிசம்பர் - பிலடெல்பியாவிலிருந்து டாம்பா பே

* 2000 மார்ச் - டாம்பா பேயிலிருந்து ஃபுளோரிடா

* 2001 மார்ச் - ஃபுளோரிடாவிலிருந்து கனடா தலைநகர் ஒட்டாவா

பசிபிக் கடலோரம், அட்லான்டிக் கடலோரம், பிறகு மறுபடியும் கனடாவின் பனி. இதில் எதையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் ஆடிய 12 அணிகளில், அவராக விரும்பிக் கையெழுத்திட்டுச் சேர்ந்தவை இரண்டே இரண்டுதான். 2001-ல் கொலம்பஸ், 2006-ல் நியூயார்க் ஐலாண்டர்ஸ். ஒன்று டிராஃப்டில் எடுத்த டெட்ராய்ட். மற்ற அணிகளெல்லாம் டிரேடில் வந்தவை.

எல்லாவற்றுக்கும் உச்சம் 2003 ஜூலை 22. அன்று கொலம்பஸ் அணி, டல்லாஸின் டாரில் சைடோரைப் பெறுவதற்காக சில்லிஞ்சரை டல்லாஸுக்குக் கொடுத்தது. டல்லாஸ் அதே நாளில், ஃபீனிக்ஸின் டெப்போ நும்மினனைப் பெறுவதற்காக அவரை ஃபீனிக்ஸுக்குக் கொடுத்துவிட்டது. டல்லாஸ் ஜெர்சியை அவர் போட்டு ஆடவே இல்லை. அதனால் 12 அணிகள் என்ற கணக்கில் டல்லாஸ் வராது.

வீரரைக் கேட்கவே மாட்டார்களா?

கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இதுதான் இந்த முறையின் அடிப்படை. கால்பந்தில் ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்குப் போக வீரர் சம்மதித்துப் புது ஒப்பந்தம் போட வேண்டும். என்ஹெச்எல்லில் டிரேட் செய்யப்படுவது வீரரின் ஒப்பந்தம். சம்பளம், மீதமிருக்கும் ஆண்டுகள் எல்லாம் அப்படியே இருக்கும், ஊர் மட்டும் மாறும். மறுத்தால் சம்பளமின்றி இடைநீக்கம் செய்யப்படலாம்.

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. 'டிரேட் செய்யக்கூடாது' என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது. ஆனால் அது 27 வயதை எட்டிய, அல்லது ஏழு சீசன் ஆடி முடித்த வீரர்களுக்குத்தான் பொருந்தும். அதிலும் அணி ஒப்புக்கொள்ள வேண்டும். நட்சத்திர வீரர் கேட்டால் கொடுப்பார்கள். நான்காவது வரிசையில் ஆடுபவர் கேட்டால்? அவரிடம் பேரம் பேசும் பலம் அவ்வளவு இருக்காது.

டிரேட் தெரியும்... 'வேவர்ஸ்' தெரியுமா?

ஜர்னிமேன் வாழ்க்கையில் டிரேடைவிடப் பதற்றமான இன்னொரு கதவு இருக்கிறது. அனுபவமுள்ள ஒரு வீரரை ஏஹெச்எல்லுக்கு இறக்க வேண்டுமென்றால், அணி முதலில் அவரை 'வேவர்ஸ்' பட்டியலில் போட வேண்டும். அடுத்த 24 மணி நேரத்துக்குள் மற்ற அணிகளில் எதுவும் அவரை எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு எந்த வீரரையும் கொடுக்க வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் கேட்டால், புள்ளிப் பட்டியலில் கீழே இருக்கும் அணிக்கு முன்னுரிமை. யாரும் கேட்கவில்லை என்றால் கீழே லீக்குக்குப் போக வேண்டியதுதான்.

கீழே போனால் சம்பளம்? அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 'டூ-வே' ஒப்பந்தம் போட்டவருக்கு இரண்டு சம்பளம் எழுதப்பட்டிருக்கும். என்ஹெச்எல்லில் ஆடும் நாளுக்கு ஒன்று, ஏஹெச்எல்லில் ஆடும் நாளுக்கு அதைவிட மிகக் குறைவான இன்னொன்று. 2025-26 சீசனில் என்ஹெச்எல்லின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 7,75,000 டாலர். ஒரு தொலைபேசி அழைப்பில் மாறிவிடும் வருமானம் எவ்வளவு என்று இதிலிருந்து புரியும்.

ஆனால் வேவர்ஸ் எல்லோருக்கும் முடிவாக அமைவதில்லை. கோல்கீப்பர் கர்டிஸ் மெக்எல்ஹின்னி இதற்கு நல்ல உதாரணம். 2017 ஜனவரியில் வேவர்ஸ் வழியாக டொரன்டோ அவரை எடுத்தது. 2018 அக்டோபரில் அதே டொரன்டோ அவரை வேவர்ஸில் விட, கரோலினா எடுத்துக்கொண்டது. அந்த சீசனில் அவர் 20 வெற்றிகள் பெற்றுத் தர, கரோலினா 10 ஆண்டுகளில் முதன்முறையாக பிளே-ஆஃப்புக்குப் போனது. அடுத்து டாம்பா பேயில் மாற்றுக் கோல்கீப்பராகச் சேர்ந்து, 2020, 2021 என அடுத்தடுத்து இரண்டு ஸ்டான்லி கோப்பை வென்ற அணியில் இடம்பெற்றார். அது அவருடைய எட்டாவது அணி.

அப்புறம் ஏன் சில்லிஞ்சரை எல்லாரும் கேட்டாங்க?

விடை, 'ஃபேஸ்ஆஃப்'. ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும் ஒவ்வொரு முறையும், நடுவர் பக்கைக் கீழே போடுவார். எதிரெதிரே குனிந்து நிற்கும் இரு வீரர்களில் யார் மட்டை முந்துகிறதோ அந்த அணிக்குப் பந்து, அதாவது பக், கிடைக்கும். ஒரு ஆட்டத்தில் இது சுமார் 60 முறை நடக்கும். கடைசி நிமிடம், ஒரு கோல் முன்னிலை, சொந்த கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ஃபேஸ்ஆஃப் என்றால், பயிற்சியாளர் நட்சத்திரத்தைத் தேட மாட்டார். இந்த ஒரு வேலையில் கெட்டிக்காரரைத்தான் அனுப்புவார். சில்லிஞ்சர் அந்த ரகம்.

கூடவே, பெனால்டியால் ஓர் ஆள் குறைந்து நிற்கும்போது எதிரணியைத் தடுக்கும் வேலை, அவ்வப்போது ஒரு கோல். இந்த மூன்றும் எந்த அணியின் ஆட்ட முறைக்கும் உடனே பொருந்தும். அதனால்தான் சீசன் நடுவில் வந்து சேர்ந்தாலும் மறுநாளே களமிறங்க முடிந்தது.

34 வயசில் 32 கோல்... அப்பவும் டிரேட்!

2005-06 சீசன் இதற்கு இன்னொரு பக்கம். அப்போது அவர் செயின்ட் லூயிஸ் அணியில் இருந்தார். 48 ஆட்டங்களில் 22 கோல்கள் அடித்திருந்தார். ஆனால் அணி லீக்கிலேயே கடைசி இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தோற்கும் அணிக்கு நன்றாக ஆடும் மூத்த வீரர் என்றால், விற்று எதிர்காலத்துக்கு ஓர் இளைஞரை வாங்கும் வாய்ப்பு. 2006 ஜனவரி இறுதியில் அவரை நாஷ்வில் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே மேலும் 10 கோல்கள். மொத்தம் 32 கோல்கள், அவர் வாழ்க்கையின் சிறந்த சீசன் அதுதான்.

மோசமாக ஆடினாலும் டிரேட், நன்றாக ஆடினாலும் டிரேட். ஒரு ஜர்னிமேனின் இடம் அவர் ஆட்டத்தை மட்டும் பொறுத்தது இல்லை. அணி ஜெயிக்கிறதா, தோற்கிறதா, யாருக்குக் காயம், யாருடைய சம்பளத்தைக் குறைக்க வேண்டும் என்பதையெல்லாம் பொறுத்தது.

இதற்கு விலை கொடுத்தது யார்?

டிரேட் ஆன வீரர் உடனே விமானம் ஏற வேண்டும். வீட்டைக் காலி செய்வது, சாமான் கட்டுவது, பிள்ளைகளின் பள்ளி என்று மீதி எல்லாம் குடும்பத்தின் தலையில். சில்லிஞ்சர் நான்கு முறை டிரேட் ஆனது மார்ச் மாதத்தில். சீசனின் டிரேட் கெடு நெருங்கும் நேரம் அது. அங்கே பள்ளி ஆண்டு முடிய இன்னும் மாதங்கள் இருக்கும்.

2003 மே மாதம் கொலம்பஸ் நகரில் அவருடைய மகன் கோல் பிறந்தார். குழந்தைக்கு இரண்டு மாதம்கூட நிறைவாகி சில நாள்தான் ஆகியிருந்தது, அந்த 'ஒரே நாளில் இரண்டு டிரேட்' நடந்தது.

கடைசியில் கிடைத்தது என்ன?

2006-ல் நியூயார்க் ஐலாண்டர்ஸ் அவருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் தந்தது. முதல் சீசனில் 82 ஆட்டங்களும் ஆடி 26 கோல்கள் அடித்தார். 2007-08 சீசனில் 1,000-வது ஆட்டம். அந்த எண்ணைத் தொடும் வீரர்களுக்கு என்ஹெச்எல்லில் வெள்ளி மட்டை பரிசளிப்பது வழக்கம். பிறகு இடுப்புப் பிரச்னை, அறுவை சிகிச்சை. 2008-09-ல் 7 ஆட்டங்களோடு நின்றுபோனது. 2009 ஆகஸ்டில், 38 வயதில் ஓய்வை அறிவித்தார்.

1989 டிராஃப்டில் அவருக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட பலர் 1,000 ஆட்டம் என்ற எண்ணை நெருங்கக்கூட இல்லை. ஒரே அணியில் நிலைக்க முடியாத ஒருவர் அதைத் தாண்டினார். ஒவ்வொரு முறை ஓர் அணி அவரை அனுப்பியபோதும், மறுமுனையில் இன்னோர் அணி அவரைக் கேட்டு வாங்கியது என்பதுதான் காரணம். ஜர்னிமேன் என்ற பெயரில் பாதி மட்டுமே நிராகரிப்பு. மீதிப் பாதி, தேவை.

2021 டிராஃப்டில் இன்னொரு சில்லிஞ்சர் முதல் சுற்றில், 12-வது ஆளாகத் தேர்வானார். கொலம்பஸில் பிறந்த அதே கோல். எடுத்த அணி எது தெரியுமா? 2003-ல் அவருடைய அப்பாவை அனுப்பிவைத்த கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ். 18 வயதில் ஆடிய முதல் சீசனிலேயே கோல் அடித்தது 16 கோல்கள்.