பழைய 'கம்ப்ரசர்' வாங்குகிறீர்களா? பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

டேங்க் உள்ளே துரு இருந்தால் உயிருக்கே ஆபத்து

சென்னையை அடுத்த ஐயப்பன்தாங்கலில் வீட்டு ஷெட்டையே பட்டறை ஆக்கிக்கொண்டவர்கள் உண்டு. வண்டி ரிப்பேர், பெயிண்ட் ஸ்பிரே, டயருக்குக் காற்று. எல்லாவற்றுக்கும் ஒரு 'ஏர் கம்ப்ரசர்' வேண்டும்.

புதிது வாங்கக் கையைக் கடிக்கிறது. அதனால் பழையதைத் தேடிப் போகிறார்கள்.

கிண்டி தொழிற்பேட்டை 1958-ல் தொடங்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் வந்தது. கோவையில் 'எல்ஜி' கம்பெனி 1960-ல் பிறந்தது. பட்டறைகளில் உழைத்து ஓய்ந்த எந்திரங்கள் பழைய இரும்புக் கடைக்கு வருகின்றன.

"வார்ப்பிரும்பு பம்புங்க. சாகவே சாகாது" என்பார் விற்பவர். அது ஓரளவு உண்மைதான். பம்பு சாகாது. சாவது டேங்க்!

வயிற்றுக்குள் தண்ணீர்

சென்னைக் காற்று ஈரக் காற்று. புழுக்கமான நாளில் 1 கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும்.

9 கன மீட்டர் காற்றை 1 கன மீட்டராக அமுக்கினால் 200 கிராமுக்கு மேல் தண்ணீர் சேரும். ஆறிய காற்று அதில் 30 கிராமைத்தான் தாங்கும். மீதி எல்லாம் டேங்கின் அடியில் தங்கிவிடும்.

இதற்காகத்தான் அடியில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். தினமும் வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும். பல பேர் திறப்பதே இல்லை. அடித்தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. மேலே பளபள பெயிண்ட், உள்ளே சல்லடை!

வெள்ளத்தில் மூழ்கி எழுந்த எந்திரம் என்றால் இன்னும் மோசம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் 'மிக்ஜாம்' புயலிலும் சென்னையில் வெள்ளம் புகுந்த பட்டறைகள் ஏராளம்.

பஸ் ஏறி நிற்கும் பாரம்

16 அங்குல விட்டமுள்ள டேங்கில் 150 பவுண்டு காற்று ஏற்றினால், அதன் மூடி ஒன்றின் மீது விழும் பாரம் 13 டன்னுக்கு மேல்!

ஐயப்பன்தாங்கல் டெப்போவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் பஸ்சின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பாரத்தைத் துருப்பிடித்த தகடு தாங்குமா?

1948-ம் வருட தொழிற்சாலைச் சட்டத்தின் 31-வது பிரிவு, அழுத்தத்தில் ஓடும் எந்திரங்களுக்காகவே எழுதப்பட்டது. வீட்டு ஷெட்டுக்குள் இன்ஸ்பெக்டர் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரரேதான் இன்ஸ்பெக்டர்.

முதலில் தண்ணீர் டெஸ்ட்

வாங்கி வந்ததும் பிளக்கைச் சொருகக் கூடாது. முதலில் அடிக்குழாயைக் கழற்றிப் பாருங்கள். செக்கச் செவேல் என்று துருச் செதில் கொட்டினால் டேங்க் மேல் சந்தேகம்தான்.

பிறகு தண்ணீர் டெஸ்ட். டேங்கில் காற்றுக் குமிழிகூட இல்லாமல் தண்ணீர் நிரப்ப வேண்டும். கைப்பம்பால், ஓட்டும் அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். முள் இறங்கக் கூடாது. எங்கும் கசியக் கூடாது.

தண்ணீர் ஏன்? அமுக்கினாலும் அது சுருங்காது. தகடு கிழிந்தால் பீச்சி அடித்து நின்றுவிடும். அமுக்கிய காற்று அப்படி அல்ல. விரிந்து வெடித்து, தகட்டையே தூக்கி எறியும். காற்றை ஏற்றி டெஸ்ட் செய்வது தற்கொலைக்குச் சமம்.

கசிந்த டேங்கில் வெல்டிங் ஒட்டுப் போடாதீர்கள். ஒட்டுக்குப் பக்கத்திலேயே மெலிந்த தகடு காத்திருக்கும். பம்பை எடுத்துக்கொண்டு டேங்கை எடைக்குப் போடுவதே புத்திசாலித்தனம்.

பம்பு வைத்தியம்

டேங்க் தேறிவிட்டால் மற்றது சுலபம். ஹெட்டைக் கழற்றினால் வால்வு தகடுகள் தெரியும். கரி பிடித்திருந்தால் சுத்தம் செய்து, புது கேஸ்கட் போட வேண்டும். காற்று நிரம்ப வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனால் வால்வோ, பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கிறது.

மோட்டார் நின்ற பிறகும் சுவிட்ச் பக்கம் 'உஸ்' என்று சத்தம் வந்துகொண்டே இருந்தால், காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வு போய்விட்டது என்று அர்த்தம்.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கம்ப்ரசர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பெல்ட்டுக்குக் கட்டாயம் கூண்டு போடுங்கள். வீட்டில் குழந்தைகள் உண்டு அல்லவா?

விளையாடக் கூடாத வால்வு

'சேப்டி வால்வு' பழையது என்றால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதே வாங்குங்கள். மொத்தச் செலவில் அது சொற்பம்.

"காத்து லீக் ஆவுது" என்று அந்த ஓட்டையில் போல்ட் போட்டு அடைப்பவர்களும் உண்டு. அது எமனுக்கு அழைப்பு அனுப்புவது போல!

காற்று லைனுக்கு வீட்டுத் தண்ணீர்க் குழாயான பி.வி.சி. பைப்பும் கூடாது. உடைந்தால் கண்ணாடிச் சில்லுபோல் பறக்கும்.

டேங்கும் வால்வும் சரியாக இருந்தால் பழைய கம்ப்ரசர் பல வருடம் உழைக்கும். தினமும் அடிக்குழாயைத் திறந்துவிட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குச் சோம்பினால், மிச்சம் பிடித்த பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும்.