வெள்ளம் வடிந்தால் மறையும் பள்ளம்

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தில் தூண்கள் சாய்ந்து ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. அதைக் குறிப்பிட்டு திருச்சி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தொண்ணூறு வருஷமா நின்ன தூண் ஒரே வெள்ளத்துல எப்படிச் சாயும்? தண்ணி அவ்வளவு பலமாவா தள்ளும்?"

தண்ணீர் தள்ளி விழுந்த பாலங்கள் குறைவு. காலடி மண் போய் விழுந்தவையே அதிகம். இந்தப் பாடத்தைப் பொறியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆறுகளில் முரட்டு ஆறு அமெரிக்காவின் மிசௌரி. வண்டலும் மணலும் கலந்து பழுப்பாக ஓடும். கரையையும் போக்கையும் மாற்றிக்கொண்டே இருக்கும். அதன் குறுக்கே முதல் நிரந்தரப் பாலம் 1869-இல் கான்சஸ் சிட்டியில் எழுந்தது. பெயர் ஹானிபல் பாலம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1867-இல் கான்சஸ் சிட்டி மேற்கு எல்லைப்புறத்தின் ஒரு சிற்றூர். பாலத்தின் பொறியாளர் ஆக்டேவ் ஷனூட், பிற்காலத்தில் ரைட் சகோதரர்களுக்கு ஆலோசனை சொன்னவர். உதவிக்கு வந்த ஜார்ஜ் மாரிசன், சட்டம் படித்துவிட்டு அதை விட்டு வந்தவர். 1869 ஜூலை 3 அன்று பாலம் திறக்கப்பட்டது. 1886-இல் சூறாவளி அதைச் சிதைத்தது. 1917-இல் புதிய பாலம் வந்தது. 'இந்தப் பாலம்தான் கான்சஸ் சிட்டியை உருவாக்கியது' என்று ஊர்ப்பெருமை பேசுவோர் சொல்வார்கள். நான் அதை அப்படியே ஏற்பதில்லை. ரயில் கம்பெனிகள், நில வியாபாரிகள், மாட்டுச் சந்தை எல்லாம் சேர்ந்துதான் ஓர் ஊர் வளர்கிறது.

எனக்கு அந்தப் பாலத்தைவிட, அதன் தூணடியில் நடப்பதுதான் வியப்பு. ஆற்றின் மேல்மட்ட நீர் வேகமாக ஓடும். அடிமட்ட நீர் படுகையில் உராய்ந்து மெதுவாகப் போகும். இரண்டும் தூணில் மோதும்போது மேலே அழுத்தம் கூடுதல், கீழே குறைவு. அதனால் நீர் தூணின் முகத்தை ஒட்டிச் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. இறங்கிய இடத்தில் மணலைத் தோண்டுகிறது. பிறகு சுழலாக உருண்டு, தூணின் இரு பக்கமும் லாட வடிவில் வளைந்து, தோண்டிய மணலை வாரிக்கொண்டு போகிறது. தூணுக்கு எதிரி வெளியிலிருந்து வரவில்லை. தூண் அங்கே நிற்பதே சுழலை உண்டாக்குகிறது.

மெரினாவில் அலை திரும்பும்போது ஓரத்தில் நின்று பாருங்கள். குதிகாலடியில் மணல் சரசரவென்று ஓடும், உடல் சாயும். காலை அகலவாட்டில் காட்டினால் பள்ளம் பெரிது. ஓட்டத்தின் திசையில் குறுக்கிக் காட்டினால் சிறிது. தூண்களை ஒடுக்கமாக, முனை கூராக, நீரோட்டத்துக்கு நேராக வைப்பது இதனால்தான். கணுக்கால்வரை புதைத்துக்கொண்டு நின்றால் அலை பல தடவை வந்துபோனாலும் சாய மாட்டீர்கள். ஆழமான அடித்தளம் என்பது அதுதான். அடுத்த அலை வந்து பள்ளத்தை மூடிவிடும், குனிந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். உங்களால் காலை எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியும், தூணால் முடியாது.

வெள்ளத்தில் படுகை எவ்வளவு கலங்கும் என்பதை நேரில் உணர்ந்தவர் ஜேம்ஸ் ஈட்ஸ். செயின்ட் லூயிஸில் மிசிசிப்பிமீது 1874-இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கட்டியவர். அதற்கு முன் மூழ்கிய கப்பல்களின் சரக்கை மீட்பது அவர் தொழில். 1851 வெள்ளத்தில், நீருக்கடியில் இறங்க உதவும் மூழ்குமணிக்குள் 65 அடி ஆழம் இறங்கினார். காலை ஊன்ற முயன்றபோது படுகை இடம் கொடுத்து உள்ளே போனது. நிமிர்ந்து நின்றபடியே, கைகளை உரசிக்கொண்டு மணல் விரைவதை உணர்ந்தார். குறைந்தது மூன்று அடிக் கனத்துக்குப் படுகையே நகர்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் தன் தூண்கள் பாறையைத் தொட்டே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

கான்சஸ் சிட்டியில் தென்கரை குன்று, வடகரை வண்டல் சமவெளி. அதனால் அடித்தளம் போட ஒரே முறை ஹானிபல் பாலத்தின் எல்லாத் தூண்களுக்கும் சரிவரவில்லை. அடியில்லாத பெட்டியை ஆற்றில் இறக்கி, உள்ளே மணலை வார வார அது தன் பாரத்தால் கீழே போகும்படி செய்வது ஒரு வழி. இந்திய ரயில் பாலங்களுக்குக் கிணற்று உறை இறக்கியதும் இதே தத்துவத்தில்தான்.

இனி வாசகர் கேள்விக்கு வருகிறேன். வெள்ளத்தின் உச்சத்தில் பள்ளம் மிக ஆழமாக இருக்கும். நீர் வடியும்போது ஆறே மணலைக் கொண்டுவந்து அதை மூடிவிடும். மூடியது இறுகாத மணல். அடுத்த வெள்ளத்தில் எளிதாகப் போகும். மணல் அள்ளி ஏற்கெனவே படுகை தாழ்ந்திருந்தால் தூணுக்கு மிஞ்சும் பிடிமானம் இன்னும் குறைவு. வெள்ளம் வடிந்த பிறகு ட்ரோன் பறக்கவிட்டு 'பாலம் பத்திரம்' என்று அறிவிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ட்ரோன் எடுக்கும் படத்தில் மூடிய பள்ளம் தெரியாது.

இதற்கு ஓர் எளிய கருவி உண்டு. படுகையில் ஒரு கம்பியை ஆழமாக இறக்கி, அதைச் சுற்றி மணல்மேல் காந்த வளையம் ஒன்றை வைப்பார்கள். மணல் அரிக்க அரிக்க வளையம் கீழே நழுவும். பிறகு மணல் மூடினாலும் வளையம் மேலே வராது. பள்ளம் எவ்வளவு ஆழம் போனது என்பதை அது நிற்கும் இடம் சொல்லிவிடும்.

உங்கள் ஊர்ப் பாலத்தைப் பற்றி அடுத்த அறிக்கை வரும்போது, தூணடியை அளந்தது வெள்ளம் ஓடும்போதா, வடிந்த பிறகா என்று அதிகாரிகளிடம் கேளுங்கள்.