போனில் வரும் டாக்டர்

பாறசாலை கேரளத்தின் தென் எல்லையில் இருக்கிறது. அதைத் தாண்டினால் களியக்காவிளை. அது தமிழ்நாடு. அண்ணன் வீடு இந்தப் பக்கம், தங்கை வீடு அந்தப் பக்கம் என்று வாழும் மக்கள்.

2020 மார்ச் மாதம் கொரோனாவுக்காக ஊரடங்கு வந்தது. எல்லையை அடைத்தார்கள். பஸ் இல்லை, ரயில் இல்லை. சர்க்கரை நோயாளியின் மாத்திரை தீர்ந்தால் என்ன செய்வது? திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி 30 கிலோமீட்டருக்கு மேல்.

ஊரடங்கு இல்லாத நாளிலும் இது லேசான காரியம் அல்ல. விடியும் முன்பே பஸ் ஏற வேண்டும். ஓ.பி. சீட்டுக்கு வரிசை. டாக்டர் பார்ப்பது ஐந்து நிமிடம். ரப்பர் பால் வெட்டுபவருக்கு அன்றைய கூலி போய்விடும். துணைக்கு வந்தவரின் கூலியும் போய்விடும்.

2020 ஏப்ரல் மாதம் மத்திய அரசு 'இ-சஞ்சீவனி' திட்டத்தில் ஒரு புதிய வசதி செய்தது. வீட்டில் இருந்தே டாக்டரைப் பார்க்கலாம். ஜூன் மாதம் கேரளத்திலும் இது தொடங்கியது. கட்டணம் இல்லை. அனுமன் தூக்கி வந்த சஞ்சீவி மலையின் ஒரு துண்டுதான் நாகர்கோவில் அருகே உள்ள மருத்துவாழ்மலை என்பார்கள். இந்தச் சஞ்சீவனி கைபேசியில் வருகிறது!

கைபேசியில் உங்கள் எண்ணைப் பதிய வேண்டும். ஒரு ரகசிய எண் வரும். அதை நீங்களே போட வேண்டும். வேறு யாராவது போனில் கேட்டால் சொல்லக் கூடாது. பிறகு டோக்கன் கிடைக்கும். முறை வந்ததும் டாக்டர் திரையில் தெரிவார். நோயைக் கேட்பார். மருந்துச் சீட்டும் போனிலேயே வரும்.

பெரிய போன் இல்லையா? பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கேரளத்தில் இதற்கு 'ஜனகீய ஆரோக்கிய கேந்திரம்' என்று பெயர். அங்குள்ள நர்ஸ் வழியாகவும் டாக்டரிடம் பேச முடியும். கேரளத்தில் 1056 என்ற 'திசா' எண்ணை அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். அதற்குச் சாதாரண போனே போதும்.

ஆனால் போன் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்க்க முடியாது. ஊசி போட முடியாது. போதை தரும் மருந்துகளை எழுதித் தரவும் விதி இல்லை. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பாம்புக்கடி, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு என்றால் போனில் டோக்கன் எடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசு ஆஸ்பத்திரிகள் உண்டு.

பேசும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நாளாகக் காய்ச்சல்? கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவு என்ன? சாப்பிடும் மாத்திரையின் பெயர் என்ன? பெயர் எழுத வரவில்லையா? மாத்திரை அட்டையைக் கேமரா முன் காட்டினால் போதும்.

எழுத்துத் தெரியாதபோது இதற்கெல்லாம் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டும். அவன் நல்ல பையன்தான். ஆனால் ஒரு பெண் தன் வெள்ளைப்படுதலைப் பற்றி அவன் எதிரில் டாக்டரிடம் எப்படிச் சொல்வாள்? டோக்கன் எண்ணைத் தானே படிக்கத் தெரிந்தவள், கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம்.