புனல்வலைச் சிலந்தியும் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவும்

ஹட்ரோனிக்கே வெர்சூட்டா என்பது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், புளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதியில் வாழும் ஒரு புனல்வலைச் சிலந்தி. பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) உலகெங்கும் மண்ணில் காணப்படும் ஒரு பாக்டீரியா. உயிரியல் வகைப்பாட்டில் இவ்விரண்டுக்கும் எந்த நெருக்கமும் இல்லை. ஆனால் இரண்டுமே பூச்சிகளைக் கொல்லும் நஞ்சை உருவாக்குகின்றன. அந்த நஞ்சுகள் இன்று பயிர்ப் பாதுகாப்பில் ஒன்றாகக் கலந்து தெளிக்கப்படுகின்றன.

சிலந்தி ஈரமான இடங்களில் பட்டு நூல் வேய்ந்த வளையில் பதுங்கியிருக்கும். இரை வாசல் நூலை மிதித்ததும் பாய்ந்து கடிக்கும். இதன் நஞ்சு பல புரதக்கூறுகளின் கலவை. சில மனிதருக்கும் ஆபத்தானவை. நச்சுமுறிமருந்து 1981-இல் பயன்பாட்டுக்கு வந்தது. வேறு சில பூச்சிகளின் நரம்பை மட்டுமே தாக்குபவை. இந்த இரண்டாம் வகைதான் வேளாண்மைக்குப் பயன்படுகிறது.

பாக்டீரியாவுக்குக் கடிக்கப் பல் இல்லை. அதன் நஞ்சு உண்ணப்பட வேண்டும். வித்து உருவாகும்போது அது புரதப் படிகங்களையும் உண்டாக்குகிறது. இலையோடு இவற்றைத் தின்னும் புழுவின் குடலில், காரத்தன்மையால் படிகம் கரைகிறது. செரிமான நொதிகள் அதை வெட்டி நஞ்சாக மாற்றுகின்றன. அந்த நஞ்சு குடற்சுவர் உயிரணுக்களில் துளையிடுகிறது. புழு சில மணி நேரத்தில் தீனியை நிறுத்தி, சில நாட்களில் இறக்கிறது. 1901-இல் ஜப்பானின் இஷிவாத்தா பட்டுப்புழு நோயை ஆராய்ந்தபோது இப்பாக்டீரியாவைக் கண்டார். ஜெர்மனியின் துரிஞ்சியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியிலிருந்து பிரித்த பெர்லினர் அதற்குப் பெயரிட்டார். பட்டு வளர்ப்போருக்கு எதிரியாக அறிமுகமானது பின்னர் உழவருக்குத் துணையானது.

ஆனால் பூச்சிகள் சும்மா இருக்கவில்லை. முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி பி.டி. தெளிப்புக்கு எதிர்ப்புத்திறன் பெற்றது. இந்தியாவில் 2002-இல் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியிலும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அவ்வாறே தப்பியது. எனவே வேறு வழியில் கொல்லும் நஞ்சு தேவைப்பட்டது.

சிலந்தி நஞ்சு அதற்குப் பொருத்தமானது. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு: கடித்துச் செலுத்தப்பட வேண்டிய அது, வாய்வழி சென்றால் புழுவின் குடற்சுவரைக் கடப்பது அரிது. இங்குதான் பாக்டீரியா உதவுகிறது. குறைந்த அளவு பி.டி. குடலில் துளையிட, சிலந்திப் புரதம் அதன் வழியே உடல்திரவத்தில் கலந்து நரம்பை அடைகிறது. இதற்காகச் சிலந்திகளை வளர்ப்பதில்லை. அதன் மரபணுவைப் பெற்ற ஈஸ்ட் தொட்டிகளில் அப்புரதத்தை உற்பத்தி செய்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2014-இல் இதைப் பூச்சிக்கொல்லியாகப் பதிவு செய்தது.